சின்னக் கேபினெட்டா, பெரிய கேபினெட்டா? செட்டிநாட்டு வீட்டில் கேமிங் கணினி அசெம்பிள் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேமிங் கணினியைத் தானே அசெம்பிள் செய்ய முடிவெடுத்த பிள்ளைகள் விளையாட்டின் படத்தைத் திரைக்குத் தயாரிக்கும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். எல்லாப் பாகங்களையும் உள்ளே பொருத்தும் பெட்டியான கேபினெட்டை மட்டும் படத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். வேலை தொடங்கிய பிறகுதான் கார்டு உள்ளே நுழையவில்லை, பிராசஸரைக் குளிர்விக்கும் கூலர் இடிக்கிறது, கண்ணாடி மூடவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. கேபினெட் பற்றி இணையத்தில் கிடைக்கும் விமர்சனங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு அறைகளில் 21 முதல் 25 டிகிரி வெப்பத்தில் செய்தவை. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் சித்திரை மாதப் பிற்பகல் எப்படி இருக்கும் என்று அவற்றை எழுதியவர்களுக்குத் தெரியாது. செம்மண் புழுதியும் எர்த் இல்லாத பழைய பிளக்கும் அவர்கள் கணக்கில் இல்லை. நான் இதையெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடித் தெரிந்துகொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்து வருபவர்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காகவே இதை வரிசையாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்ற நடுத்தர அளவு மதர்போர்டும் (பாகங்களை இணைக்கும் பலகை), முன்பக்கம் வலை வைத்த நடுத்தர கேபினெட்டும்தான். மிகச் சின்னதை வாங்க ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு. மிகப் பெரியதை வாங்கக் காரணம் அநேகமாக இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

1. பெட்டி எங்கே உட்காரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றியுள்ள அறையில் வைக்கப் போகிறீர்களா, மாடியில் ஏ.சி. போட்ட அறையிலா, முகப்புத் திண்ணையை அடுத்த அறையிலா? இடத்துக்கு இடம் பதில் மாறும்.

வளவை ஒட்டிய அறைகளில் சுவர் தடிமனாக இருக்கும், ஜன்னல் சிறியதாக இருக்கும். பகலில் குளிர்ச்சியாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் 400 வாட் இழுக்கும் கணினி ஓடினால் அந்த 400 வாட்டும் வெப்பமாக அறைக்குள்தான் இறங்கும். கதவைச் சாத்தி வைத்தால் அது வெளியேற வழியில்லை. இதில் சின்னக் கேபினெட், பெரிய கேபினெட் என்ற வித்தியாசமே கிடையாது. பெட்டியிலிருந்து வெப்பம் எவ்வளவு சுலபமாக வெளியேறுகிறது என்பதைத்தான் கேபினெட் தீர்மானிக்கும், அறையின் வெப்பத்தை அல்ல. ஆகவே அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனோ திறந்த ஜன்னலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சின்னக் கேபினெட் வாங்குபவர்கள் அதைச் சுவர் அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். அளவு சரியாகப் பொருந்துகிறது, பார்க்கவும் அழகு. அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. மூன்று பக்கமும் மூடிய இடத்தில் தான் வெளியேற்றிய சூடான காற்றையே பெட்டி திரும்ப இழுக்கும். நான்கு பக்கமும் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி வேண்டும், பின்பக்கம் 15 செ.மீ. இருந்தால் நல்லது.

தரையிலும் நேராக வைக்காதீர்கள். பெருக்கும்போது எழும் தூசி முதலில் போய்ச் சேருமிடம் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) விசிறிதான். ஒரு மணைப்பலகையோ அரை அடி உயர ஸ்டாண்டோ போதும். திறந்த வளவை ஒட்டி வைப்பதாக இருந்தால் ஐப்பசி மழையில் சாரல் எதுவரை அடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. கார்டு, போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்ற வரிசையை மாற்றாதீர்கள்

கேபினெட்டைக் கடைசியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்கும் நாள் ஒன்றாகவே இருக்கலாம். முடிவெடுக்கும் வரிசை இதுதான்.

கார்டுகளின் மின்தேவை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட், 5060க்கு 145 வாட், 4070க்கு 200 வாட், 5070க்கு 250 வாட், 4090க்கு 450 வாட், 5090க்கு 575 வாட் என்று அவற்றின் நிறுவனமான என்விடியா குறிப்பிடுகிறது. 150 வாட்டுக்குள் இருக்கும் கார்டு என்றால் எந்த அளவுக் கேபினெட்டும் சமாளிக்கும். 200 முதல் 250 வாட் வரை சின்னக் கேபினெட்டில் முடியும், ஆனால் நம் கோடையில் கவனம் வேண்டும். அதற்கு மேல் போனால், ஏ.சி. இல்லாத அறையில் சின்னக் கேபினெட் பக்கமே போகாதீர்கள்.

3. அளவுகளை மில்லிமீட்டரில் எழுதி வையுங்கள்

விற்பனைப் பக்கத்தில் ‘மினி’, ‘மிட்’, ‘ஃபுல்’ என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் மினி இன்னொரு நிறுவனத்தின் மிட் அளவுக்கு இருக்கும். எண்கள் மட்டும்தான் பேசும்.

மதர்போர்டு: மினி ஐ.டி.எக்ஸ். 170 × 170 மி.மீ., மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244 × 244 மி.மீ., ஏ.டி.எக்ஸ். 305 × 244 மி.மீ. பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு உட்காரும். சின்னக் கேபினெட்டில் பெரிய போர்டு உட்காராது. மினி ஐ.டி.எக்ஸ். போர்டில் ரேமுக்கு இரண்டு இடமும் கார்டுக்கு ஒரே ஒரு இடமும்தான் இருக்கும். இன்று 16 ஜி.பி. போட்டுவிட்டு நாளை கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.: வழக்கமான ஏ.டி.எக்ஸ். வகை 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், 140 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளம். சின்னக் கேபினெட்டுகள் பெரும்பாலும் எஸ்.எஃப்.எக்ஸ். வகையைக் கேட்கும், அது 125 × 63.5 × 100 மி.மீ. இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டால், சின்னதைப் பெரிய இடத்தில் ஒரு தகடு வைத்துப் பொருத்திவிடலாம். பெரியதைச் சின்ன இடத்தில் பொருத்த வழியே இல்லை.

கூலர்: டவர் வகை ஏர் கூலர்கள் பல 155 முதல் 165 மி.மீ. உயரம். மிகச் சின்னக் கேபினெட்டுகள் சிலவற்றில் 50, 60 மி.மீ.தான் இடம் இருக்கும்.

கார்டு: இரண்டு விசிறி கார்டுகள் ஏறத்தாழ 200 முதல் 250 மி.மீ. நீளம், மூன்று விசிறி கார்டுகள் 300 மி.மீ. தாண்டுவது சகஜம். இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, கேபினெட்டில் ‘330 மி.மீ. கார்டு வரை’ என்று எழுதியிருப்பது பல சமயம் முன்பக்கம் தண்ணீர்க் கூலரின் ரேடியேட்டர் இல்லாதபோது சொல்லும் கணக்கு. 25 மி.மீ. விசிறியும் 27 மி.மீ. ரேடியேட்டரும் முன்னால் வந்தால் 52 மி.மீ. போய்விடும். இரண்டாவது, புதிய கார்டுகளின் 16 பின் பவர் கேபிளை இணைப்புக்கு மிக அருகில் மடக்கக் கூடாது, 35 மி.மீ. நேராக வந்த பிறகே வளைய வேண்டும். ஆகவே கார்டின் அகலத்தோடு 35 மி.மீ. சேர்த்துக்கொண்டு, பக்கவாட்டுக் கண்ணாடி மூடுமா என்று பாருங்கள். கண்ணாடி கேபிளை அழுத்திக்கொண்டு மூடினால் இணைப்பு உருகும் அபாயம் இருக்கிறது.

கார்டைப் பின்புறமாகத் திருப்பி வைக்கும் மெல்லிய கேபினெட்டுகளில் கார்டையும் போர்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் வரும். அது பி.சி.ஐ.இ. (கார்டு போர்டோடு பேசும் இணைப்பு முறை) 3.0 வகையாக இருந்து கார்டு 4.0 வகையாக இருந்தால், பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) கைமுறையாக 3.0 என்று வைத்தால்தான் பல நேரம் திரையில் படம் வரும். கார்டு பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

4. பணக் கணக்கு

சின்னது என்றால் விலை குறைவு என்று வீட்டில் பெரியவர்கள் நினைப்பார்கள். அவர்களிடம் முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது, ஏனென்றால் உண்மை நேர்மாறாக இருக்கிறது. நான் விலை விசாரித்தபோது கிடைத்த சுமாரான கணக்கு இது. விலைகள் மாறும், விகிதம் அதிகம் மாறாது.

மைக்ரோ ஏ.டி.எக்ஸ். வழியில் கேபினெட் 3,000 முதல் 6,000 ரூபாய், போர்டு 10,000 முதல் 15,000 ரூபாய், 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். 5,000 முதல் 7,000 ரூபாய். மினி ஐ.டி.எக்ஸ். வழியில் கேபினெட் 6,000 முதல் 15,000 ரூபாய், போர்டு 18,000 முதல் 25,000 ரூபாய், எஸ்.எஃப்.எக்ஸ். வகை எஸ்.எம்.பி.எஸ். 9,000 முதல் 14,000 ரூபாய். அதே பிராசஸர், அதே கார்டு, அதே வேகம். 15,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. அந்தப் பணத்தைக் கார்டில் போட்டால் ஒரு படி மேலான கார்டே கிடைக்கும். விளையாட்டில் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

முழு ஏ.டி.எக்ஸ். போர்டும் டவர் எனப்படும் பெரிய கேபினெட்டும் வாங்கினால் சில ஆயிரங்கள்தான் கூடும். ஆனால் இன்று ஒரு கார்டு, இரண்டு எஸ்.எஸ்.டி.யோடு வேலை முடிந்துவிடுகிறது. மீதி ஸ்லாட்டுகள் காலியாகவே கிடக்கும். வீடியோ பதிவுக்கான தனி கேப்ச்சர் கார்டு, நிறைய ஹார்ட் டிஸ்க்குகள் என்று தெளிவான தேவை இருப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

இன்னொரு பொறி: எஸ்.எம்.பி.எஸ். சேர்த்தே விற்கும் கேபினெட். ‘450 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, கேபினெட் விலையிலேயே கொடுப்பார்கள். அலுவலகக் கணினிக்கு வேண்டுமானால் அது ஓடலாம். கிராபிக்ஸ் கார்டு போட்ட இயந்திரத்தை, மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில், அதன் கையில் ஒப்படைக்காதீர்கள். கேபினெட்டைத் தனியாகவும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகவும் வாங்குங்கள்.

5. வெயிலும் செம்மண்ணும்

அறை வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உள்ளே சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு விமர்சனங்களைப் படியுங்கள். 23 டிகிரி அறையில் கார்டு 72 டிகிரி என்று எழுதியிருந்தால், 36 டிகிரி அறையில் அதை 85 என்று படியுங்கள். என்விடியாவின் 40 வரிசைக் கார்டுகள் பல 83, 84 டிகிரியைத் தொடும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். 4070க்கு உச்ச வரம்பு 90 டிகிரி. ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்களுக்கு 95 டிகிரி, 7800எக்ஸ்3டிக்கு 89 டிகிரி. குளிர்நாட்டில் 10 டிகிரி இடைவெளியோடு ஓடும் சின்னக் கேபினெட், நம் ஊர்ப் பங்குனி சித்திரையில் வரம்பை முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். விசிறி முழுவேகத்தில் இரைவதால் காதுக்கும் நிம்மதி இருக்காது.

எந்த அளவு வாங்கினாலும் முன்பக்கம் வலையாக இருக்கட்டும். முன்னால் முழுக் கண்ணாடி போட்டு, ஓரத்தில் விரல் அகலத்துக்கு மட்டும் காற்றுவழி விட்டிருக்கும் கேபினெட்டுகள் படத்தில் ஜொலிக்கும். நம் வெயிலுக்கு அவை ஆகாது.

அடுத்தது புழுதி. கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் இரண்டு வாரம் ஓடிய கேபினெட்டின் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். வலையின் கண்கள் தெரியாது. செங்காவி நிறத்தில் மெல்லிய கம்பளித் துணி ஒட்டியதுபோல் இருக்கும். விரலால் ஓரத்தைத் தூக்கினால் முழுதாக உரிந்து வரும். பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ள அறை என்றால் அதில் வெள்ளைத் துகளும் கலந்திருக்கும். ஃபில்டர் இல்லாவிட்டால் இவ்வளவும் கார்டின் தகடுகளுக்கு இடையில் போயிருக்கும்.

ஆகவே முன், கீழ், மேல் என்று மூன்று பக்கமும் கழற்றக்கூடிய ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் வகை சிறந்தது. ஸ்க்ரூ கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்றால் யாரும் கழற்ற மாட்டார்கள். உள்ளே இழுக்கும் விசிறிகள் இரண்டோ மூன்றோ இருந்து, வெளியே தள்ளுவது ஒன்றாக இருக்கட்டும். அப்போது காற்று ஃபில்டர் வழியாக மட்டும் உள்ளே வந்து, இடுக்குகள் வழியாக வெளியே போகும். தூசி இடுக்கில் நுழையாது. சின்னக் கேபினெட்டுகள் பலவற்றில் இப்படி விசிறி வைக்க இடமே இருக்காது. பக்கவாட்டுத் தகடு முழுதும் துளைகள், அவற்றுக்கு ஃபில்டர் கிடையாது. பல்லி நுழையும் அகலத்துக்குப் பின்பக்கம் திறந்திருக்கும் மாடல்களும் உண்டு. காலி ஸ்லாட்டுகளின் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிடாமல் மாட்டியே வையுங்கள்.

6. எர்த் இல்லாமல் எந்தக் கேபினெட்டும் வேண்டாம்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், உள்ளே எர்த் கம்பி இருக்காது. எர்த் இல்லாத இடத்தில் கணினியை இணைத்தால், எஸ்.எம்.பி.எஸ். உள்ளிருக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் வழியாகக் கேபினெட்டின் உலோக உடலுக்கு லேசான கசிவு வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நின்று பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று இழுக்கும். அதைப் பழகிப்போய் விட்டுவிடக் கூடாது. ஏதேனும் பழுது நேரும் நாளில் அதே வழியில் முழு மின்சாரம் வரலாம்.

எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும்; நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் காட்ட வேண்டும். இல்லையென்றால் எர்த் போட்ட பிறகு கார்டு வாங்குங்கள்.

யு.பி.எஸ். விஷயத்தில் பெட்டியின் அளவைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். 600 வி.ஏ. என்பவை பொதுவாக 360 வாட்தான் தாங்கும். 250 வாட் கார்டு போட்ட இயந்திரத்துக்கு மானிட்டரோடு சேர்த்து 1000 வி.ஏ. அல்லது அதற்கு மேல் வேண்டும். சின்னக் கணினிக்குச் சின்ன யு.பி.எஸ். என்று கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

7. சின்னக் கேபினெட் யாருக்கு?

மேலே சொன்ன ஒரே நல்ல காரணம் இதுதான்: இரண்டு ஊர்களில் வாழ்பவர்கள். சென்னையில் வேலை, பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் ஊர் என்று இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். பல்லவன் எக்ஸ்பிரஸில் மடியிலோ இருக்கைக்கு மேலே உள்ள தட்டிலோ 18 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி வந்துவிடும். 50 லிட்டர் டவர் வராது. விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். இவர்கள் கூடுதல் 15,000 ரூபாயைத் தயங்காமல் கொடுக்கலாம். பயணத்தின்போது கனமான கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். குலுங்கலில் ஸ்லாட் உடையும்.

பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டில் பெரிய டவரை மாதக்கணக்கில் விட்டுப்போவது நல்லதல்ல. தூசி, எறும்பு, மழைக்கால ஈரம் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். அப்படி விட்டாக வேண்டுமென்றால் பிளக்கைக் கழற்றி, துணியுறை போட்டு, மேசைமேல் வையுங்கள்.

8. எங்கே வாங்குவது, எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துவது

காரைக்குடிக் கடைகளில் நடுத்தர கேபினெட்டும் வழக்கமான எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கையோடு கிடைக்கும். மினி ஐ.டி.எக்ஸ். போர்டும் எஸ்.எஃப்.எக்ஸ். சமாச்சாரமும் வேண்டுமென்றால் மதுரை, திருச்சி, இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெரு அல்லது ஆன்லைன். நடுவில் எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் இதே அலைச்சல் திரும்ப வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஏ.டி.எக்ஸ். வகை அன்று மாலையே மாற்றிவிடலாம், எஸ்.எஃப்.எக்ஸ். வரும்வரை கணினி சும்மா கிடக்கும்.

கூரியரில் கேபினெட் வரவழைத்தால் எடைக்குப் பதில் கனஅளவுக்குக் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 53 × 30 × 53 செ.மீ. அட்டைப்பெட்டி 17 கிலோ கணக்கில் வரும், உள்ளே 8 கிலோதான் இருந்தாலும். கேபினெட்டை மட்டும் உள்ளூரில் வாங்கிவிட்டால் இந்தச் செலவும் கண்ணாடி உடையும் கவலையும் இல்லை.

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பில் இல்லாவிட்டால் 18 சதவீதம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். கார்டுக்கு வழக்கமாக 3 ஆண்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 5 முதல் 10 ஆண்டு உத்தரவாதம் உண்டு. அதைக் கேட்கப் போகும்போது பில்தான் சாட்சி. பில்லில் உங்கள் பெயர், தேதி, கார்டின் சீரியல் எண் மூன்றும் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ‘எண் எழுதும் வழக்கம் இல்லை’ என்று சொல்லிப் பார்த்தார்கள்; நின்று கேட்டதும் எழுதிக் கொடுத்தார்கள். நீங்களும் கேளுங்கள்.

அட்டைப்பெட்டிகளை உத்தரவாதக் காலம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும், ஆனால் தரையில் வைக்காதீர்கள். கரையான் அட்டையைத்தான் முதலில் தின்னும். பரண்மேல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சீரியல் எண் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

9. பொருள் வந்த நாளும் அசெம்பிள் செய்யும் நாளும்

பார்சலைப் பிரிக்கும் முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். விலாசச் சீட்டு தெரிய வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது. உடைந்து வந்தால் வீடியோ இல்லாமல் யாரும் ஏற்கமாட்டார்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். அது காலையில் தொடங்கி மாலைவரை நீளும்; பாதியில் சோதிக்க முடியாமல் உட்கார வேண்டிவரும். நடுத்தர கேபினெட்டுக்கு முதல்முறை செய்பவர் ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். சின்னக் கேபினெட்டுக்கு இரண்டு நாள் வையுங்கள். அதில் எதை முதலில் மாட்டுவது என்ற வரிசை தவறினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். கேபிள்களைப் போர்டில் செருகிய பிறகே கார்டை வையுங்கள்.

கழற்றிய கண்ணாடிப் பலகையைக் கல் தரையில் விளிம்பு படும்படி சாய்த்து நிறுத்தாதீர்கள். டெம்பர்ட் கண்ணாடி முகத்தில் அடி தாங்கும், விளிம்பில் தாங்காது. ஒரு நொடியில் தூள்தூளாகும். கோரைப்பாய் விரித்து அதன்மேல் படுக்கவையுங்கள். போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் உங்கள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். தேவையில்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் பின்புறம் ஷார்ட் ஆகும்.

ஓடத் தொடங்கியதும் நள்ளிரவுக் குளிரில் சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். பிற்பகல் 2 மணிக்கு, அறை நன்றாகச் சூடேறிய பிறகு, கேபினெட்டை மூடிய நிலையில், கனமான விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டி வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டுக்கும் 3, 4 டிகிரிதான் வித்தியாசம் என்றால் கேபினெட் நன்றாக மூச்சு விடுகிறது. 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் விசிறியைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லையென்றால் கேபினெட்டைத் திருப்பிக் கொடுப்பதே சரி. திருப்பிக் கொடுக்கும் கெடு பல கடைகளில் சில நாட்கள்தான். ஆகவே இந்தச் சோதனையைப் பொருள் வந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.